போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. எந்த முனையிலிருந்து அளந்தாலும் அதே தூரம்தான். ஆனால் லண்டனிலிருந்து போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது சரியென்றால், எதிரே வரும் ஊரை நோக்கி மேற்கே பறப்பதல்லவா சீக்கிரம் முடிய வேண்டும்? பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. நேர வித்தியாசம் அந்தக் காற்றின் ஓட்டத்தால் வருவது.

முதலில் பாதை. ஒரு பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நியூயார்க் லண்டனைவிடப் பதினோரு பாகை தெற்கே இருக்கிறது. ஆனாலும் லண்டனில் கிளம்பும் நூல் முதலில் வடமேற்காக ஏறி, அயர்லாந்தைத் தாண்டி, பிறகுதான் கீழே இறங்கும். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு அதன்படி பறந்தால் 200 கி.மீ.க்கு மேல் வீண்.

இனி காற்று. சுமார் 11 கி.மீ. உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. போல இருக்கும். பெரிய பயணிகள் விமானம் அதில் 85 சதவீதம், அதாவது 900 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகிறது. அதே உயரத்தில்தான் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. துருவத்தின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பிறப்பதால் குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். சராசரியாக 100 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், கிழக்கே தரைவேகம் (தரையிலிருந்து பார்க்கும் வேகம்) 1,000, மேற்கே 800. பறக்கும் நேரம் முறையே 5 மணி 32 நிமிடம், 6 மணி 55 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது அப்படியே மீட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். காற்றே இல்லாத நாளைவிடப் போக வரச் சேர்த்து ஒன்பது நிமிடம் கூடுதலாகும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறது அல்லவா!

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை மிஞ்சவில்லை. சுற்றியிருந்த காற்றே சேர்ந்து ஓடியது.

அதனால் அட்லாண்டிக் மேல் நிரந்தரச் சாலை கிடையாது. அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் தடங்கள் புதிதாக வரையப்படும். கிழக்கே வருபவை, சுற்றுவழியானாலும், ஜெட் ஓட்டத்துக்குள் புகும். மேற்கே போகிறவை அதை விட்டு விலகும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதை வரிசை, மேலேறுவது, ஹீத்ரோ வானில் வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். நியூயார்க்கில் மாலை 7 மணிக்கு ஏறி மறுநாள் காலை 7 மணிக்கு லண்டனில் இறங்கினால், லண்டன் கடிகாரம் ஐந்து மணி நேரம் முன்னே இருப்பதால், பன்னிரண்டில் ஐந்தைக் கழித்து ஏழு மணி நேரப் பயணம். மார்ச் மாதத்தில் சில வாரங்களும் அக்டோபர் கடைசியை ஒட்டி ஒரு வாரமும் மட்டும் நான்கைக் கழிக்க வேண்டும். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதும் பிறகு பின்னே கொண்டுவருவதும் இரண்டு நாடுகளிலும் ஒரே நாளில் நடப்பதில்லை.