நீர்த்துளியைத் திரட்டி வைக்கும் விசை

குழாயை மூடிய பிறகும் அதன் விளிம்பில் ஒரு துளி தொங்கி நிற்கும். மெல்லப் பருத்து, கழுத்து சிறுத்து, அறுந்து விழும் வரை அதைச் சிதறாமல் பிடித்து வைப்பவை நீர் மூலக்கூறுகளுக்கு இடையே செயல்படும் கவர்ச்சி விசைகளே.

நீரில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் பங்கு சமமானதன்று. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் ஆற்றலே எலக்ட்ரான் கவர்திறன். அதை அளக்கும் பாலிங் அளவுகோலின்படி ஆக்சிஜனுடையது 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. எனவே எலக்ட்ரான் இணை ஆக்சிஜன் பக்கம் சாய்ந்து, அங்கே சிறிதளவு எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன் முனைகளில் சிறிதளவு நேர்மின்சுமையும் உண்டாகின்றன.

பிணைப்பு இப்படி மின்சுமை பிரிந்து முனைவுற்றிருந்தாலே மூலக்கூறும் முனைவுற்றதாகிவிடும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் முடிவு செய்வது வடிவம். கார்பன் டை ஆக்சைடின் இரு பிணைப்புகளும் முனைவுள்ளவைதாம். ஆயினும் மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் எதிரெதிர் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மூலக்கூறு முழுவதிலும் மின்சுமை பிரிந்திருக்கும் அளவைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் சுழியாகிவிடுகிறது. நீர் மூலக்கூறோ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருப்பதால் அதற்கு 1.85 டிபை (இதை அளக்கும் அலகு) திருப்புத்திறன் எஞ்சுகிறது.

இதனால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை ஈர்க்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எனப்படும் இதை முறிக்க மோலுக்கு (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். மூலக்கூறுக்குள் இருக்கும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கோ சுமார் 460 கிலோஜூல் தேவை. ஆகையால் கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பவை பிளவுபடாத நீர் மூலக்கூறுகளே. அறுபடுவது அவற்றுக்கு இடையிலான பிடிப்பு மட்டுமே. தனித்தனியே மெலிந்த இப்பிடிப்புகள் எண்ணிறந்து சேரும்போது எவ்வளவு வலிமை பெறுகின்றன என்பது, நீரைவிட ஏறக்குறைய இருமடங்கு மூலக்கூறு எடை இருந்தும் இத்தகைய பிடிப்பு மிக மெலிந்த ஹைட்ரஜன் சல்பைடு −60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதைக் காணும்போது விளங்கும்.

முனைவற்ற மூலக்கூறுகளுக்கு இடையேயும் ஈர்ப்பு உண்டு. எலக்ட்ரான் மேகம் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. ஒரு கணம் அது ஒருபுறம் ஒதுங்கினால் அங்கே தோன்றும் தற்காலிக இருமுனை, அண்டை மூலக்கூறிலும் தனக்கிசைந்த இருமுனையைத் தூண்டுகிறது. இதனைக் குவாண்டம் இயக்கவியலின் வழியே 1930இல் விளக்கியவர் இயற்பியலாளர் பிரிட்ஸ் லண்டன். எலக்ட்ரான் மேகம் பெரிதாகவும் எளிதில் உருக்குலைவதாகவும் இருந்தால் இவ்விசை வலுக்கும். முனைவுள்ள குளோரோபார்ம் 61 டிகிரியில் கொதிக்க, முற்றிலும் முனைவற்ற கார்பன் டெட்ராகுளோரைடு 77 டிகிரி வரை நீர்மமாகவே நீடிப்பது, கூடுதலாக உள்ள ஒரு குளோரின் அணுவின் எலக்ட்ரான்களால்தான்.