சாலையோரம் கிடக்கும் வாம்பட்டின் பையைப் பாருங்கள்

வாம்பட் என்பது கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும், வளை தோண்டி வாழும் ஆஸ்திரேலிய விலங்கு. சாலையோரத்தில் ஒரு வாம்பட் அடிபட்டுக் கிடந்தால், பாதுகாப்பாக நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டுங்கள். தாய் செத்திருந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். தாய் இறந்து ஒரு நாள் கழித்துக்கூட உயிரோடு எடுத்த குட்டிகள் உண்டு.

நான் நியூ சவுத் வேல்ஸின் தென்பகுதியில், பண்ணைகள் சூழ்ந்த ஓர் ஊரில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மாடு, ஆடு, குதிரை, நாய் என்றுதான் என் பிழைப்பு ஓடுகிறது. காட்டு விலங்கு மீட்பாளர்கள் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவரும் வாம்பட் குட்டிகள் அதற்கு இடையில் வந்து சேர்கின்றன. சிட்னி, மெல்பன், கான்பெராவிலிருந்து விடுமுறைக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர் இந்தச் சாலைகளில்தான் போகிறார்கள், அதுவும் பொழுது சாயும் நேரத்தில். வாம்பட் மேயக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான்.

வாம்பட்டில் மூன்று இனங்கள் உண்டு. வடக்கு மயிர்மூக்கு வாம்பட் குயின்ஸ்லாந்தில் மட்டுமே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் எப்பிங் காட்டுத் தேசியப் பூங்காவில் வெறும் 35 அளவுக்குச் சுருங்கிப்போய், பாதுகாத்த பிறகு சில நூறாகப் பெருகியிருக்கிறது. தெற்கு மயிர்மூக்கு வாம்பட் பெரும்பாலும் தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வாழ்கிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா சாலைகளில் நீங்கள் காண்பது மூக்கில் மயிர் இல்லாத சாதாரண வாம்பட். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், 20 முதல் 35 கிலோ எடை, குட்டைக் கால்கள், மண்ணைக் கிளறும் நீண்ட நகங்கள். நிறம் பழுப்போ சாம்பலோ கறுப்போ, எதுவானாலும் இருட்டில் தார்ச்சாலையோடு கலந்துவிடும். குட்டையான உடல் என்பதால் விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் படுவதற்குள் வண்டி அருகில் போய்விடுகிறது. மெதுவாக அசைந்து நடக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், மிரண்டால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் குறுக்கே பாயும்.

பகலில் வளைக்குள் தூங்கும். ஒரு வாம்பட்டுக்கு ஒரே வளை என்று கிடையாது. தன் எல்லைக்குள் பல வளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும், ஒன்று விட்டுப்போன வளைக்குள் இன்னொன்று வந்து படுக்கும். இதைப் பின்னால் சொறி நோயைப் பற்றிச் சொல்லும்போது நினைவில் வையுங்கள். எதிரி துரத்தினால் வளைக்குள் புகுந்து பின்பக்கத்தால் வழியை அடைத்துக்கொள்ளும். அங்கே தடித்த தோலும் குருத்தெலும்பும்தான், கடித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாம்பட் வளைக்குள் தலையை நுழைத்த வேட்டை நாய்களுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். காட்டில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

புல்லும் வேரும்தான் சாப்பாடு. மணல் ஒட்டிய புல்லை அரைத்தே பல் தேய்ந்துபோகும் என்பதால் எல்லாப் பற்களும் வேரில்லாமல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கின்றன. தின்றது செரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் கேட்கும் சதுரச் சாணம் உண்மைதான். குடலின் சுவர் சில இடங்களில் விறைப்பாகவும் சில இடங்களில் நெகிழ்வாகவும் இருப்பதால் உள்ளேயே அந்த வடிவம் கிடைத்துவிடுகிறது என்று 2021இல் வெளியான ஆய்வு விளக்கியது.

இனி பைக்கு வருவோம். கங்காருவின் பை மேல்நோக்கித் திறக்கும். வாம்பட்டின் பை பின்காலை நோக்கித் திறக்கும். முன்காலால் தோண்டும்போது மண் பைக்குள் போகக் கூடாது, அதற்கான அமைப்பு இது. வழக்கமாக ஒரு ஈற்றில் ஒரே குட்டி. ஒரு மாதம்போலச் சினையிருந்து பிறக்கும் குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. கண் மூடியிருக்கும், பின்கால்கள் உருவாகியே இருக்காது. முன்கால்களின் வலுவில் ஊர்ந்து பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்வும். காம்பு அதன் வாய்க்குள் வீங்கி இறுகிவிடும், வாரக்கணக்கில் விடாது. ஆறு மாதத்துக்கு மேல் பைக்குள்ளேயே வளர்கிறது. வெளியே வந்த பிறகும் தாயின் பின்னாலேயே அலைந்து, பயந்தால் பைக்குள் ஓடி, ஒன்றேகால் வயது போலப் பாலை மறக்கிறது. தாயை விட்டுத் தனியே போக ஒன்றரை வயதுக்கு மேல் ஆகிவிடும். இப்படி வளர்ப்பதால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஒரு தாயால் ஆளாக்க முடியும். சாலையில் ஒரு பெண் வாம்பட் செத்தால், பையைப் பார்க்காமல் போனால், போவது இரண்டு உயிர்.

என் மேசைக்கு வரும் குட்டிகளில் மயிர் முளைக்காதவை மிகவும் நெஞ்சை வருத்துபவை. இளஞ்சிவப்புத் தோல், தலையோடு ஒட்டிய காதுகள், மூடிய இமைக்குள் கறுப்பாகத் தெரியும் கண், அந்த வயதிலேயே தெளிவாக உருவான நகங்கள். உள்ளங்கையில் வைத்தால் முதலில் தெரிவது சில்லிப்பு. தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள அதற்கு இன்னும் தெரியாது. அதனால் மருந்து, பால் எல்லாவற்றுக்கும் முன்னால் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமலே செத்துவிடும்.

பையைத் திறந்து பார்த்ததில் காம்பைக் கவ்விய குட்டி இருந்தால் தயவுசெய்து இழுத்துப் பிரிக்காதீர்கள். வாயும் தாடையும் கிழிந்துவிடும். கடைசியில் கொடுத்திருக்கும் மீட்பு அமைப்பின் எண்ணை அழைத்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பெரும்பாலும் தாயின் உடலை ஒட்டிக் காம்பைக் கத்திரித்துக் குட்டியோடு சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். துணியில் சுற்றி, உங்கள் சட்டைக்குள் உடம்போடு அணைத்து, வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் இல்லாமல் கொண்டுபோங்கள். பசும்பால் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், கைமாற்றிக் கொஞ்ச விடாதீர்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற பராமரிப்பாளர் குட்டியின் வயதுக்கு ஏற்ற பால்மாவைக் கரைத்து, இராத்திரியும் கண்விழித்து, இரண்டு வருடம் வரை வளர்த்துக் காட்டில் விடுவார். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. இந்த நாட்டில் நான் அதிகம் மதிக்கும் மனிதர்கள் அவர்கள்.

இனி சொறி நோய். சில குளிர்காலங்களுக்கு முன் தெரிந்த குடும்பம் ஒன்று பனிமலைப் பக்கத்து ஊரான ஜிண்டபைன் போய்வந்து எனக்கு ஒரு படம் அனுப்பியது. “அக்கா, பட்டப்பகல்ல பக்கத்துல போய் எடுத்தோம். ஓடவே இல்ல, அவ்வளவு சாது!” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதைச் சுற்றியும் விலாவிலும் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, வற்றிய ஏரிப் படுகை போல வெடித்திருந்தது. அது சாது இல்லை. கண்ணும் காதும் பொருக்கால் அடைபட்டு, அவர்கள் பக்கத்தில் வந்ததே அதற்குத் தெரிந்திருக்காது. குளிர்காலத்தில் நல்ல வாம்பட்டும் பகலில் வெயில் காய வெளியே வரும். ஆனால் ஆள் நெருங்கினால் நகரும். நெருங்கியும் நகராமல், சொறிந்துகொண்டே மேய்ந்தால் நோய்தான்.

நாய்க்குச் சொறியும் மனிதருக்குச் சிரங்கும் கொண்டுவரும் அதே இனத்து நுண்ணிய உண்ணிதான் இதற்கும் காரணம். ஐரோப்பியக் குடியேறிகளோடும் அவர்களுடைய விலங்குகளோடும் வந்து சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. வளைகளை மாறி மாறிப் பயன்படுத்தும் பழக்கம் உண்ணிக்கு வசதியாகிவிட்டது. டாஸ்மேனியாவின் நராவண்டபு தேசியப் பூங்காவில் 2010க்குப் பிறகு சில ஆண்டுகளில் இந்த நோயால் வாம்பட்டுகள் 94 சதவீதம் குறைந்தன. சிகிச்சை இருக்கிறது என்பதுதான் ஆறுதல். மாட்டின் முதுகில் ஊற்றும் மாக்சிடெக்டின் மருந்தை, வளை வாயிலில் தொங்கவிட்ட மடல் மீது வைத்து வாம்பட் நுழையும்போது முதுகில் கொட்டச் செய்கிறார்கள். அல்லது நீண்ட கோலில் கட்டிய கரண்டியால் ஊற்றுகிறார்கள். வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், மாநில விதிகளையும் பார்க்க வேண்டும். ஆகவே நீங்களே மருந்து வாங்கி ஊற்றக் கிளம்ப வேண்டாம். மீட்பு அமைப்புக்குப் படமும் இடமும் அனுப்பினால் போதும். தொடவும் வேண்டாம், மனிதத் தோலிலும் அரிப்பு வரும்.

படம் எடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் ஓர் அமெரிக்கப் பெண், தாயிடமிருந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாய் பின்னால் ஓடிவந்தது. கேமராவுக்காக அப்படிப் பிரிக்கப்பட்ட குட்டி தாயோடு சேராமல் போனால் பிழைக்காது. கங்காரு பள்ளத்தாக்கு பெண்டீலா முகாமில் வாம்பட்டுகள் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேயும். அங்கே தள்ளி உட்கார்ந்து பாருங்கள், ரொட்டி போடாதீர்கள்.

காரில் ஒரு பழைய தலையணை உறை, கையுறை, டார்ச், மழுங்கல் முனைக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். செத்த விலங்கின் மேல் சாயத்தில் பெருக்கல் குறி இருந்தால் யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், தாண்டிப் போகலாம். குறி இல்லையென்றால் பையையும் பாருங்கள், சுற்றியுள்ள புதரையும் பாருங்கள், நடக்கிற வயதுக் குட்டி அங்கே ஒளிந்திருக்கும். முடிந்தால் உடலைச் சாலையை விட்டுத் தள்ளி இழுத்துப் போடுங்கள், பிணம் தின்ன வரும் கழுகு அடிபடாமல் இருக்கும். உயிரோடு கிடக்கும் பெரிய வாம்பட்டைத் தூக்க முயலாதீர்கள். கடி ஆழமாக இறங்கும். தள்ளி நின்று மற்ற வண்டிகளை எச்சரித்தபடி அழையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் காட்டு விலங்கு மீட்பு அமைப்பான வயர்ஸ்: 1300 094 737. விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா: 03 8400 7300.