ஏற முடியாதவர் இறங்கிப் பழகுவது ஏன்: முதல் புல் அப்பின் இயக்கவியல்

நடக்கும்போதும் படியேறும்போதும் நம் எடையைச் சுமப்பவை தொடை, பிட்டம், கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகள். குழந்தை எழுந்து நிற்கும் நாளில் தொடங்கும் அந்தப் பயிற்சிக்கு அதன்பின் விடுமுறையே கிடையாது. கைகளுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் நேர்வதில்லை. பெங்களூருவில் அல்சூர் ஏரிப் பக்கம் நாள்தோறும் களைப்பின்றி நடக்கும் ஒருவர், பூங்காக் கம்பியை எட்டிப் பிடித்துத் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்வரை உடலை இழுக்கும் புல் அப்பை முயன்றால், பெரும்பாலும் நான்கு விரற்கடை உயர்ந்து அப்படியே நின்றுவிடுவார். அவர் நோஞ்சான் என்பது இதற்குப் பொருளன்று. எழுபது கிலோவைக் கால்களிடமிருந்து வாங்கிக் கைகளிடமும் முதுகிடமும் ஒப்படைக்கும் முதல் நாள் அது. (பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையிலிருந்து இங்கு வந்தவரின் எடை சுருள்வில் தராசில் பத்து இருபது கிராம் குறைந்து காட்டும்; புல் அப் போடுகிறவருக்கு இந்த ஊர் தரும் சலுகை அவ்வளவே.)

இந்த இழுப்பில் மிகப் பெரிய பங்கு, ஜிம்முக்குப் போகிறவர்கள் ‘விங்ஸ்’ என்று சொல்லும் லாட்டிசிமஸ் டார்சை தசைக்குரியது. முதுகுத்தண்டின் கீழ்ப்பாதியிலும், இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும், கீழ் விலா எலும்புகளிலும் அகன்று தொடங்கும் அத்தசை, மேலே போகப் போகக் குறுகி, அக்குளின் அடியாகச் சுற்றிச் சென்று மேற்கை எலும்பின் முன்பக்கத்தில் முடிகிறது. அது சுருங்கினால், உயர்ந்திருக்கும் மேற்கை உடலை நோக்கி இறங்க வேண்டும். ஆனால் கை கம்பியைப் பற்றியிருப்பதால், கை இறங்குவதற்குப் பதிலாக உடல் ஏறுகிறது. முழங்கையை மடக்குபவை மேற்கையின் பைசெப்ஸும் அதற்கு அடியில் மறைந்திருக்கும் பிரேக்கியாலிஸும். உள்ளங்கை நம் முகத்தைப் பார்க்கும்படி பிடிக்கும் சின் அப்பில் பைசெப்ஸ் தனக்கு வாகான நிலையில் இழுக்கிறது. உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கும் புல் அப்பில் அதன் உதவி குறைந்து, சுமை பிரேக்கியாலிஸுக்கும் முன்கைத் தசைகளுக்கும் கூடுதலாகப் போகிறது. தொடக்கநிலையில் உள்ள பெரும்பாலானவர்களுக்கு முதலில் கைகூடுவது சின் அப்தான். அதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கும் பூங்கா மரபை நான் ஏற்பதில்லை. முதுகுத் தசைக்கு இரண்டிலும் வேலை உண்டு.

மேலே போகும் வழி முழுவதும் கடினம் ஒரே அளவில் இருப்பதில்லை. கை முழுவதும் நீண்டு தொங்கும் நிலையில், முதல் வேலை முழங்கைக்குரியதே அன்று. காதை ஒட்டி உயர்ந்து நிற்கும் தோள்பட்டை எலும்புகளை முதலில் கீழே இழுத்து நிறுத்தியாக வேண்டும். அதைச் செய்பவை கழுத்திலிருந்து நடு முதுகுவரை பரந்திருக்கும் ட்ரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதி உள்ளிட்ட, பெயரளவில்கூடப் பலர் அறியாத தசைகள். உடல் பாதி உயரத்துக்கு வந்து மேற்கை ஏறத்தாழக் கிடைமட்டமாகும்போது, கம்பியைப் பிடித்த கைக்கும் தோள் மூட்டுக்கும் இடையிலான கிடைத் தொலைவு மிகுதியாகிறது. தசையோ மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கிறது. நெம்புகோலின் இந்தப் பாதகமான கணக்கால், தசை உண்டாக்க வேண்டிய விசை, கை தாங்கும் எடையைப்போல் பல மடங்காகிறது. உச்சியை நெருங்கும்போது சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தசையின் உள்ளே ஆக்டின், மயோசின் என்னும் இரு வகைப் புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதாலேயே சுருக்கம் நிகழ்கிறது என்பது 1954-இல் வெளியான இரண்டு ஆய்வுகளிலிருந்து நமக்குத் தெரியும். அந்த இழைகள் ஓர் அளவோடு ஒன்றையொன்று தழுவியிருக்கும்போது விசை உச்சத்தில் இருக்கும், அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டாலோ விசை குறையும் என்பதை 1966-இல் தவளைத் தசை இழைகளில் அளந்து காட்டினார்கள். தாடை கம்பியைத் தொடப்போகும் இடத்தில் முதுகுத் தசையும் கைத் தசையும் சேர்ந்தாற்போல் மிகச் சுருங்கிய நிலையில் இருக்கின்றன. மூக்குவரை கம்பிக்கு வந்துவிட்ட ஒருவர் கடைசி இரண்டு அங்குலத்துக்குக் கழுத்தை நீட்டித் தவிப்பது இதனால்தான்.

மெட்ராஸ் பொறியாளர் படையின் மையம் அருகில் இருப்பதாலோ என்னவோ, ராணுவ ஆள்சேர்ப்புக்காகக் கம்பியில் பழகும் இளைஞர்களை அல்சூர்ப் பக்கம் அடிக்கடி பார்க்கலாம். புதிதாக வந்தவரை அடையாளம் காண்பது எளிது. தோள்கள் காதோடு ஒட்டியிருக்கும். முழங்கால்கள் மிதிவண்டி ஓட்டுவதுபோல் உதறும். உடல் ஒரு பக்கமாகத் திரும்பும். பற்களைக் கடித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். “தம்பி, காலை ஆட்டாதே, தோளை முதலில் இறக்கு” என்று நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் எவரேனும் சொல்லாமல் போவதில்லை, அந்த அறிவுரையில் உடற்கூறியலும் சரியாகவே இருக்கிறது. அந்த உதறல் வெறும் தசைக் குறைவைக் காட்டவில்லை. எந்தத் தசையை எப்போது, எவ்வளவு இயக்குவது என்று நரம்பு மண்டலம் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பதையும் அது காட்டுகிறது.

ஒரு தசையில் உள்ள இழைகள் எல்லாம் ஒரே கட்டளைக்கு ஒன்றாக எழுவதில்லை. ஒரு நரம்பணுவும் அதற்குக் கட்டுப்பட்ட இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. சிறிய வேலைக்குச் சிறிய அலகுகள் முதலில் அழைக்கப்படுகின்றன. வேலை கடினமாக ஆக, பெரிய அலகுகள் வரிசையாகச் சேர்கின்றன. எல்வுட் ஹென்னமன் பூனைகளின் நரம்பணுக்களில் கண்டறிந்த ஒழுங்கு இது. பழக்கமற்ற ஒருவரால், முழு மனத்தோடு முயன்றாலும், மிகப் பெரிய அலகுகளை எல்லாம் போதுமான வேகத்தில் இயக்க முடிவதில்லை. பயிற்சியின் முதல் பலன் இங்குதான் வருகிறது. மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கும் தசைகளுக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து, 1979-இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: முதல் சில வாரங்களில் கூடிய வலிமையில் பெரும்பகுதி நரம்பின் திறமையால் வந்தது, தசை பருத்ததன் பங்கு அதற்குப் பின்னரே மேலோங்கியது. ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது, சும்மா இருந்த மறு கையும் ஓரளவு வலுப்பெற்றது. அதில் தசை வளர இடமே இல்லை. ஆகவே மூன்று வாரம் கம்பியில் பழகியும் சட்டைக்கை இறுகவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

நரம்பு கற்பது, செய்து பார்க்கும் அசைவையே. ஆனால் ஒரு புல் அப்கூட வராதவர் புல் அப்பை எப்படிச் செய்து பழகுவது? தசையின் ஒரு விசித்திரமான இயல்பு இங்கே கை கொடுக்கிறது. 1938-இல் ஏ. வி. ஹில் என்ற உடலியங்கியல் அறிஞர், தசை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் விசை குறைகிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார். அந்தச் சமன்பாடு வரையும் கோட்டினை மறுபக்கம் நீட்டிப் பார்த்தால், அதாவது தசை இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுமையால் நீட்டப்பட்டால், விசை குறைவதில்லை, கூடுகிறது. பிரித்தெடுத்த தசை இழைகளில், அசையாமல் பிடித்து நிற்கும்போது உள்ளதைவிட ஒன்றரை மடங்குக்கு மேலும் போகும். உயிருள்ள மனிதரில் நரம்பு கொஞ்சம் அடக்கி வாசிப்பதால் அந்த அளவுக்கு வருவதில்லை. எப்படியாயினும், தூக்க முடியாத எடையை மெல்ல இறக்க முடியும் என்பது உறுதி. செலவும் குறைவு. 1952-இல் ஆபட், பிக்லண்ட், ரிட்சி ஆகிய மூவர் இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக ஒரே சங்கிலியில் பூட்டினார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்தச் சுழற்சியைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் கால்களிலும் விசை ஒன்றே என்றாலும், தடுத்தவர் செலவிட்ட ஆக்சிஜன் மிதித்தவருடையதில் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது.

இதையே கம்பியில் பயன்படுத்தலாம். ஒரு முக்காலியின் மீது ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, கால்களை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை நீடிக்கும்படி மெல்ல இறங்குவதே முறை. தொடக்கத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கு அடக்கமாக வரும், அதற்குப் பிறகு உடல் சட்டென்று கீழே விழும். அந்தச் சட்டென்ற இடம் எது என்று கவனிப்பது பயனுள்ளது, ஏனெனில் ஏறும்போது சிக்கப்போகும் இடமும் பெரும்பாலும் அதுவே. அந்த உயரத்தில் அசையாமல் சில நொடி தொங்கிப் பழகினால் ஓட்டை அடைபடும். ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து இறக்கங்கள், இடையிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்ற அளவே போதும். அதோடு, கையை மடக்காமல் தொங்கிக்கொண்டு தோள்பட்டையை மட்டும் இறக்கி ஏற்றுவதையும், இடுப்பளவு உயரமுள்ள கம்பிக்கு அடியில் சாய்ந்து குதிகால்களைத் தரையில் ஊன்றி மார்பைக் கம்பிக்கு இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சாய்ந்த இழுப்பில் எடையின் ஒரு பங்கைத் தரை தாங்கிக்கொள்கிறது. கால்களை முன்னே தள்ளத் தள்ளக் கைக்கு வரும் பங்கு கூடும்.

பூங்காக்களில் வண்ணமடித்து நிறுத்தியிருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலே உள்ள கைப்பிடிகளைக் கீழே இழுத்தால் நாம் அமர்ந்திருக்கும் இருக்கையே உயரும் கருவியில், சுமை என்பது நம் எடையில் ஒரு குறிப்பிட்ட பங்கு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை நெம்புகோல்களின் நீளம் என்றைக்குமாக முடிவு செய்துவிட்டது. முதல் வாரம் அது உதவும். சுமையைக் கூட்ட வழியில்லாத கருவி அதற்குப் பிறகு வலிமையைக் கூட்டுவதில்லை, எத்தனை முறை இழுத்தாலும் தாங்குதிறனைத்தான் கூட்டும். ரப்பர் பட்டையில் முழங்காலை வைத்து ஏறும் முறைக்கு வேறொரு குறை உண்டு. பட்டை மிக நீண்டிருப்பது நாம் அடியில் தொங்கும்போது. உதவியும் அங்கேதான் மிகுதி. மேலே வர வர அது தளர்ந்து, மிகத் தேவையான இடத்தில் கைவிட்டுவிடுகிறது. பட்டையைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் அதை மட்டுமே நம்பிப் பல மாதம் ஓட்டுவது வீண் என்பது என் கருத்து.

உடல் எடையைப் பற்றிய கணக்கு குறுகியது. எழுபது கிலோவை அரை மீட்டருக்குச் சற்று மேலாக உயர்த்துவது 350 ஜூல் அளவிலான வேலை. தசை செலவிடும் ஆற்றலில் வேலையாக மாறுவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கொண்டாலும் ஒரு புல் அப்புக்கு அரை கிலோகலோரி செலவானால் அதிகம். ஓர் இட்லியைச் சரிக்கட்ட நூறு புல் அப் போட வேண்டும். எனவே புல் அப் போட்டு எடை குறைவதில்லை. எடை குறைந்தால் புல் அப் எளிதாகிறது. பெண்களுக்குச் சராசரியாக மேலுடலில் தசையின் பங்கு ஆண்களைவிடக் குறைவாக இருப்பதால் முதல் புல் அப்புக்கு நாள் கூடுதலாகும், வழிமுறை மாறுவதில்லை.

இறக்கப் பயிற்சிக்கு ஒரு விலை உண்டு. நீட்டப்பட்டபடி வேலை செய்யும் தசையில் நுண்ணிய சேதம் மிகுதியாக ஏற்படுவதால், மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கையை நீட்டவே முடியாத அளவுக்கு வலிக்கக்கூடும். அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்துச் செய்தால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும்; தசை அவ்வளவு விரைவாகத் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. முதல் நாளே ஆர்வத்தில் முப்பது நாற்பது முறை இறங்குவது ஆபத்தானது: கை வீங்கிச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களின் வேகம் வேறு. இரத்த ஓட்டம் குறைந்த அவை தசையைவிட மெதுவாகவே உறுதிப்படுகின்றன, அதனால் இரண்டாம் மூன்றாம் மாதத்தில், வலிமை கூடி எண்ணிக்கை ஏறும் நேரத்தில்தான், முழங்கையின் உட்புற முனையில் வலி தலைகாட்டும். அப்போது எண்ணிக்கையைப் பாதியாக்கி, பிடியை மாற்றிப் பார்ப்பதே சரி.

முதல் புல் அப் வந்தபின் கணக்கு மாறுகிறது. ஒன்றே ஒன்று போட முடிகிறவருக்குத் தன் எடைதான் உச்சவரம்பு. ஒரு சுமையை ஐந்து முறை இழுக்க வேண்டுமானால் அது உச்சவரம்பில் ஏறத்தாழ 85 சதவீதமாகவும், பத்து முறை இழுக்க வேண்டுமானால் 75 சதவீதமாகவும் இருக்க வேண்டும் என்பது எடைப் பயிற்சியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில், இளைஞர்கள் ‘பீம்’ என்று சொல்லும் இந்தக் கம்பியில் 6 முறைக்கு 16 மதிப்பெண்ணும் 10 முறைக்கு முழு 40 மதிப்பெண்ணும் உண்டு. எழுபது கிலோ உள்ளவர் அந்தப் பத்தை எட்டும் நாளில், இருபது கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு முறை ஏறும் வலிமையும் அவரிடம் இருக்கும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஐந்தாறில் தேங்கி நிற்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் துரத்தாமல், தண்ணீர் பாட்டில்கள் நிரப்பிய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை ஏறிப் பழகுவது இதனால்தான் பலன் தருகிறது.