குறுஞ்சிக்லிட்: குட்டி வேறு, குள்ளம் வேறு

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு வளர்ப்பு மீன் கடை. 3 செ.மீ. நீளத்தில், வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த நாலு மீன்கள் துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் 'சிக்லிட்' என்று மட்டும் எழுதியிருந்தது. பெரிதாகுமா என்று கேட்டேன். "இனி இக்கான் கெச்சில்" என்று மலாயில் சொன்னார் கடைக்காரர். சின்ன மீனாம். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, அன்றைக்கு அது சின்ன மீன்தான். இரண்டடித் தொட்டியில் இருபது நியான் டெட்ரா என்ற பொடி மீன்களோடு விட்டேன். டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன, எங்கேயோ எகிறிக் குதித்திருக்கும் என்று சோபாவுக்கு அடியிலெல்லாம் தேடினேன். எட்டு மாதத்தில் அந்த நாலும் உள்ளங்கை நீளத்தைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அது ஜாகுவார் சிக்லிட், முழு வளர்ச்சியில் ஓர் அடியையும் மிஞ்சும்.

சிக்லிட் என்பது ஒரே மீன் இல்லை, ஒரு பெரிய மீன் குடும்பத்தின் பெயர். அந்தக் கடுப்பில்தான் இந்தச் சொல்லை நோண்டத் தொடங்கினேன்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பாதிப் பேர் 'சிச்லிட்' என்கிறார்கள், சரியானது 'சிக்லிட்'. மூலம் கிரேக்கம். 'கிக்லே' என்றால் நாம் பூங்குருவி என்று சொல்லும் பறவை. அதே பெயரை ஒரு கடல்மீனுக்கும் கிரேக்கர்கள் வைத்திருந்தார்கள். 1801இல் பிளாக், ஷ்னைடர் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்களின் பெயரில் வந்த மீன் தொகுப்பு நூலில் தென்னமெரிக்க நன்னீர் மீன் பேரினம் ஒன்றுக்கு அந்தக் கடல்மீன் பெயரை எடுத்து 'சிக்லா' என்று சூட்டினார்கள். அதிலிருந்து முழுக் குடும்பத்துக்கும் பெயர் வந்தது. அந்தச் சிக்லா வேறு யாருமில்லை, மலேசியாவின் பேராக் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் தூண்டில்காரர்கள் தேடிப் போகிற பீகாக் பாஸ்தான். யாரோ கொண்டுவந்து விட்டு, இப்போது நம் ஊர்க்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தவறாக 'சிச்லிட்' என்று படிப்பவர்கள் தெரியாமலேயே தமிழுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. 'சிச்சிலி' பழைய தமிழ்ச் சொல், மீன்கொத்திக்குப் பெயர். அங்கேயும் பறவை, இங்கேயும் பறவை. உடனே கிரேக்கச் சொல்லுக்குத் தாய் தமிழ்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ஒலி ஒத்துப்போனதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்துப் புழக்கத்தில் ஒன்று இல்லை. தனித்தனி மீன்களுக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்கிறார்களே, நம் சந்தையில் தாலாப்பியா, அதுவும் சிக்லிட்தான். திலாப்பியா என்பது தென்னாப்பிரிக்கப் பக்கத்து ஸ்வானா மொழியில் மீனுக்குரிய சொல்லிலிருந்து வந்தது. தமிழன் வாயில் அது ஜிலேபியாகிவிட்டது, இதைவிடச் சுவையான தமிழாக்கத்தை எந்தக் கலைச்சொல் குழுவும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. இங்கே அந்த மீன் ஜாவாவிலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் வந்தது. கேரளத்தின் மாநில மீனான கரிமீனும் சிக்லிட்தான். அதன் தம்பி மாதிரி 8 செ.மீ. அளவில் மஞ்சளாக ஒன்று உண்டு, மலையாளத்தில் பள்ளத்தி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். கொஞ்சம் உப்பு கலந்த நீர் அதற்குப் பிடிக்கும் என்பதால் சாதாரணத் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

நம் ஊரிலேயே பிறந்த சிக்லிட்டும் உண்டு. நெற்றி புடைத்த லோஹான், 1990களின் பிற்பகுதியில் மலேசியாவில் பல அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது. சீனத்தில் லோஹான் என்றால் புத்தத் துறவி, வடமொழி 'அர்ஹத்' அங்கே போய் இப்படித் திரிந்தது. அதே 'அர்ஹத்' தமிழில் அருகன். ஆக, சீனர் கடையில் முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த மீனின் பெயர் அருகனுக்கு உறவு. குணம் மட்டும் நேரெதிர், பக்கத்தில் எதையும் வாழவிடாது.

இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். 1,600க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்களில், முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ 10 செ.மீ.யைத் தாண்டாதவற்றுக்கு வளர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் 'டுவார்ஃப் சிக்லிட்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தமிழில் 'குட்டி சிக்லிட்' என்று சிலர் எழுதுகிறார்கள், அங்கேதான் வம்பு. குட்டி என்பது இளமைப் பெயர், அதுவும் மீனுக்கு நாம் குட்டி சொல்வதில்லை, குஞ்சு என்போம். குட்டி வளரும், குள்ளம் வளராது. 'சின்ன சிக்லிட்' என்றாலும் அதே குழப்பம், கெச்சில் கதைதான். 'குள்ளச் சிக்லிட்' பொருளில் சரி, காதுக்குத்தான் கேலி மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்தது குறுஞ்சிக்லிட். கைப்பேசியில் வருகிற குறுஞ்செய்தி நாளைக்கு வளர்ந்து கடிதமாகப் போவதில்லை இல்லையா, அந்த மாதிரி. சிக்லிட் என்பதை அப்படியே விட்டுவிட்டு முன்னால் 'குறு' சேர்த்தால் போதும். முழுவதையும் தமிழாக்குகிறேன் என்று பூங்குருவி மீன் என்றெல்லாம் போனால் கடையில் ஒருவருக்கும் புரியாது.

சரி, எவையெல்லாம் குறுஞ்சிக்லிட்? கடையில் அதிகம் கிடைப்பது ராம். இது நம் ராமனும் இல்லை, ஆங்கிலத்து ஆட்டுக்கிடாவும் இல்லை. மானுவேல் ராமிரேஸ் என்ற மீன் சேகரிப்பாளர் பெயரால் 1948இல் ராமிரெசி என்று பெயரிட்டார்கள், வியாபாரத்தில் அது ராமாகச் சுருங்கியது. இன்றைய பேரினப் பெயரின் பொருள் 'சின்ன மண்ணுண்ணி'. வாய் நிறைய மணலை அள்ளிச் சலித்துத் துப்பும் என்பதால் கூர்க்கல்லைப் போடாமல் நைஸ் மணல் போடுங்கள். 5 செ.மீ. சொச்சம்தான். 28 டிகிரி வெப்பம் அதற்கு இதம், கோலாலம்பூரில் ஹீட்டர் வாங்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் புதுத் தொட்டியில் பிழைக்காது, தொட்டி ஓடி இரண்டு மூன்று மாதமாவது ஆகட்டும்.

அப்புறம் கிரிபென்சிஸ். கேமரூன் நாட்டுக் கிரிபி என்ற ஊரின் பெயர், பொருள் 'கிரிபிக்காரன்'. கடையில் அந்தப் பெயரில் விற்பதோ பெரும்பாலும் நைஜீரியாக்காரன். ஊர் மாறினாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பெண்ணுக்கு வயிறு செந்நாவல் நிறத்தில் இருக்கும். கெட்டியான மீன், புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குஞ்சு பொரித்துவிட்டால் மட்டும் இரண்டடித் தொட்டியில் பாதியைப் பட்டா போட்டுக்கொள்ளும், அடியில் மேயும் கோரிடோரஸ் மீன்கள் பாடு திண்டாட்டம்.

அபிஸ்டோகிராமா என்றால் 'நம்ப முடியாத கோடு', பக்கவாட்டுக் கோடு ஒழுங்காக இல்லாததால் வந்த பெயர். என் வீட்டில் இப்போது இருப்பது இதில் காக்கட்டூ வகை, ஓர் ஆண், இரண்டு பெண். சிரட்டையைக் கொதிக்க வைத்து, விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு வெட்டிக் கவிழ்த்து வைத்தேன், ஆளுக்கு ஒன்று. பெண் மீன் முட்டையிட்டதும் எலுமிச்சை மஞ்சளாகிக் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு, தன்னைவிடப் பெரிய ஆணையே வாசலில் மறித்துத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மேலே நீந்த நம் நாட்டு ஹார்லெக்வின் ரஸ்போரா எட்டு, தண்ணீரில் சாலையோரம் பொறுக்கிக் காயவைத்த கெத்தாப்பாங் இலை இரண்டு, அதாவது நாட்டு வாதுமை. 60 லிட்டருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஏஞ்சல் மீனும் சிக்லிட்தான், ஆனால் அதைக் குறுஞ்சிக்லிட் கணக்கில் சேர்க்காதீர்கள். உடம்பே 15 செ.மீ. வரும், நியானையும் விழுங்கும்.

கடையில் போய்க் குறுஞ்சிக்லிட் என்று கேட்டால் முழிப்பார்கள். கெச்சிலா என்றும் கேட்காதீர்கள். "கலாவ் டா பெசார், பெராப்பா இஞ்சி?" என்று கேளுங்கள். வளர்ந்தால் எத்தனை அங்குலம். நாலு என்றால் வாங்கலாம்.