புதன் எந்தக் கட்சி?

ஒரே வாரத்தில் இது மூன்றாவது தடவை. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் பங்காளி வீட்டுப் பையன் அனுப்பியிருந்தான்: "புதன் பிற்போக்கு தொடங்குகிறது, தயாராகுங்கள். போனில் உள்ளதை பேக்கப் எடுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்." முகப்பில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அப்பத்தா கேட்டார்கள்: "அது என்னப்பா, புதன் எந்தக் கட்சி?"

பஞ்சாங்கத்தில் இதற்கு வக்ரம் என்று பேர். தொடங்கும் நாள் வக்ர ஆரம்பம், முடியும் நாள் வக்ர நிவர்த்தி. வடசொல்; வளைவு, கோணல் என்று பொருள். பிள்ளையார்பட்டியில் தலையில் குட்டிக்கொண்டு 'வக்ரதுண்ட' என்று ஆரம்பிக்கிறோமே, அந்த வக்ரம்தான். புதன் 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும். உள்வட்டத்தில் அது நம்மைத் தாண்டும்போது, சுமார் மூன்று வாரத்துக்குப் பின்னால் போவதாகத் தோன்றும். வருடத்தில் மூன்று தடவை, சில வருடம் நான்கு. உண்மையில் எதுவும் திரும்புவதில்லை. வானத்தில் அதன் தடத்தைக் கோடாக வரைந்தால் பிள்ளையார் சுழி மாதிரி ஒரு வளைவு விழும். பேர் வைத்தவன் வானத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

ஆங்கிலத்தில் 'மெர்க்குரி ரெட்ரோகிரேட்' என்பதைப் புதன் பிற்போக்கு என்று எழுதியவர் அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார். பின், போக்கு, சேர்த்தால் பிற்போக்கு, புணர்ச்சியில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சொல்லை மேடைக்காரர்கள் எடுத்துக்கொண்டு பல காலமாகிறது. அது இப்போது மனுசனுடைய புத்தியைச் சொல்லும் சொல், நடையைச் சொல்வதில்லை. புதன் பிற்போக்கு என்றால், மற்ற நாளில் அது முற்போக்கா? ராகுவும் கேதுவும் எப்போதும் வக்ரம்தான். அவர்கள் ஆயுசுக்கும் பிற்போக்குவாதிகளா? இன்னொன்று. வக்ரம் பெற்ற கிரகத்துக்குப் பலம் கூடும், சேஷ்டா பலம் என்பது நம் ஜோசியக் கணக்கு. பலம் கூடியவனைப் பிற்போக்கு என்றால் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது.

வக்கிரத்துக்கும் கெட்ட பேர் உண்டே, வக்கிர புத்தி என்கிறோமே என்பார்கள். சரி, நியாயம்தான். ஆனால் கிரகத்தோடு சேர்ந்து வந்தால் யாரும் குழம்புவதில்லை. வைத்தியத்தில் அதிசாரம் என்றால் வயிற்றுப்போக்கு. ஜோசியத்தில் கிரகம் வழக்கத்தைவிட வேகமாகப் போவதற்கும் அதே பேர். குரு அதிசாரம் என்று பஞ்சாங்கத்தில் படித்துவிட்டு யாராவது மாத்திரை தேடினார்களா?

வடசொல்லே வேண்டாம் என்பவர்களுக்கு என் சிபாரிசு, பின்னகர்வு. நகர்வதை மட்டும் சொல்கிறது. புதனுக்குக் குணச்சான்று கொடுக்கவில்லை. நிவர்த்திக்கு நேர்நகர்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுகூடப் பரவாயில்லை. போன தடவை வந்தது 'பாதரசப் பிற்போக்கு'. வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு என்றுதான் திறந்தேன். ஆங்கிலத்தில் புதனுக்கும் பாதரசத்துக்கும் மெர்க்குரி என்றே பேர்; மிஷின் மொழிபெயர்த்தது என்று தெரிகிறது. ஆனால் அதை அனுப்பியது ஒரு மனுசன்தானே? பத்து ரூபாய்ச் சாமான் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஊர் இது. தமிழை மட்டும் வந்தபடியே வாங்கித் தள்ளிவிடுகிறோம்.

அந்தப் பையனுக்குக் கல்யாணம் வருகிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரமான இசைகுடிமானத்தில் பெரியவர்கள் கையெழுத்துப் போடும் நாள் பிற்போக்குக்குள் விழுகிறதாம், தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தான். அதையும் வாசித்தேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "நாள் குறிச்சாச்சுல்ல? வேணும்னா அந்தப் போனை மூணு வாரத்துக்கு மூடி வைக்கச் சொல்லு."