டிவியோடு இணைத்த பழைய கம்ப்யூட்டர்: காசு போடும் முன் பார்க்க வேண்டியவை

ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் போட்டோ, வருஷக்கணக்கில் சேர்த்த பாட்டு, படம் எல்லாம் அதில்தான். 2012, 2013 வாக்கில் வாங்கிய ஐ3 அல்லது ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சர்வீஸுக்கு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "அண்ணே, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா 4கே படம் நிக்காம ஓடும்ல?" சிலர் கார்டை வாங்கிக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். அட்டைப் பெட்டியில் '4கே' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது ஜிடி 710.

அந்தக் கார்டு 4கே அளவில் படத்தை டிவிக்கு அனுப்பும் என்பது உண்மை. எச்டிஎம்ஐ வழியாக நொடிக்கு 30 பிரேம் வரை அனுப்பும். ஆனால் இன்றைய 4கே படங்கள் பெரும்பாலும் எச்.265 முறையில் சுருக்கப்பட்டவை. அந்தச் சுருக்கத்தை விரிக்கும் சர்க்யூட் அந்தச் சில்லில் கிடையாது. ஆக, அந்த வேலை மறுபடியும் பழைய பிராசஸரின் தலையில்தான் விழுகிறது. படம் முன்பு எப்படி நின்று நின்று ஓடியதோ அப்படியே ஓடும். காசு போனதுதான் மிச்சம். ஜிடி 730 வாங்கினாலும் இதே கதிதான்.

இதனால்தான் எதை வாங்குவதற்கும் முன்னால் எது திணறுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தை ஓடவிடுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்து பத்து நிமிடம் ஆகியும் 'டிஸ்க்' 100 சதவீதத்திலேயே நின்றால் பிரச்சினை ஹார்ட் டிஸ்கில். டிஸ்க் சும்மா இருக்க, 'சிபியு' (பிராசஸர்) மட்டும் 100-ஐத் தொட்டால், பெரும்பாலும் அந்த வீடியோ முறை உங்கள் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இன்டெல் பிராசஸர்களில் எச்.264 வீடியோவை விரிக்கும் வசதி 2வது, 3வது தலைமுறையிலேயே நன்றாக உண்டு. அதனால்தான் அந்தக் காலத்து ஃபுல் எச்டி படங்கள் அலுங்காமல் ஓடுகின்றன. எச்.265-க்கு 6வது தலைமுறை வேண்டும். அதிலும் 4கே எச்டிஆர் படங்களில் வரும் 10 பிட் வகைக்கு 7வது தலைமுறை வேண்டும். ஏவி1 என்ற புதிய முறைக்கு 11வது தலைமுறை. இது வேகத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. அந்தக் காலத்து ஐ7-இலும் அந்தச் சர்க்யூட் இருக்காது.

யூடியூப் மட்டும்தான் இழுக்கிறது என்றால் ஒரு பைசா செலவில்லை. ஓடும் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்தால் கடைசியில் ஒரு புள்ளிவிவரப் பெட்டி திறக்கும். அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ற வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருந்தால், யூடியூப் உங்கள் பெட்டிக்குத் தெரியாத முறையில் வீடியோவை அனுப்புகிறது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264இஃபை என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் அது பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். 1080பி வரைதான் கிடைக்கும். ஆனால் ஒரு பிரேம்கூட விடாமல் ஓடும், ஃபேன் சத்தமும் அடங்கிவிடும்.

சரி, டிஸ்க்தான் பிரச்சினை என்று தெரிந்துவிட்டது. உடனே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்க ஓடாதீர்கள். முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பழைய டிஸ்கின் நிலையைப் பாருங்கள். மேலே உள்ள கட்டம் நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சளாக இருந்தால் 05, சி5 என்ற இரண்டு வரிகளைக் கவனியுங்கள்: முதலாவது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்); இரண்டாவது, படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி5 எண் ஏறிக்கொண்டே போகிற டிஸ்கை அப்படியே குளோன் (முழு டிஸ்கையும் பிரதி எடுப்பது) செய்யவோ டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது) செய்யவோ கூடாது. அந்த உழைப்பிலேயே அது உயிரை விட்டுவிடலாம். போட்டோக்களையும் வீட்டு வீடியோக்களையும் முதலில் வேறொரு டிஸ்குக்கு எடுங்கள், அப்புறம் பாட்டு, கடைசியில் படங்கள். படம் மறுபடி கிடைக்கும். காலமான அப்பாவின் குரல் இருக்கும் வீடியோ எந்தக் கடையிலும் கிடைக்காது. வேகத்தைக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு எஸ்எஸ்டி. சிறிய பட்ஜெட்டில் இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. விண்டோஸுக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். படங்கள் நல்ல நிலையில் உள்ள பழைய ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும். மதர்போர்டில் சாட்டா 2 என்ற பழைய, மெதுவான டிஸ்க் இணைப்பு மட்டும் இருந்தாலும் கவலை வேண்டாம், பூட் ஆகும் நேரத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றின் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) டிஸ்க் இணைப்பு 'ஐடிஇ' என்ற பழைய முறையிலேயே விடப்பட்டிருக்கும். அதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றிய பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இதை மட்டும் மாற்றினால் பூட் ஆகாமல் நீலத் திரையில் நிற்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வரும் '2 டிபி' போர்ட்டபிள் எஸ்எஸ்டிக்களைத் தொடாதீர்கள். திறந்து பார்த்தால் உள்ளே சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கொள்ளளவு மட்டும் பொய்யாகக் காட்டப்படும். நிறைந்த பிறகு போடும் ஃபைல்கள் எல்லாம் காணாமல் போகும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதிப் பார்த்துவிடுங்கள்.

ரேம் 8 ஜிபி இருந்தால் போதும். தனி கிராபிக்ஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கு ஒரே குச்சியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று போட்டு மலிவாக விற்கும் டிடிஆர்3 குச்சிகள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

அதிகம் செலவில்லாத, ஆனால் பலரும் விட்டுவிடுகிற வேலை சுத்தம் செய்வது. புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். பிராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். இன்டெல் கூலரின் நான்கு பின்களும் 'டக்' என்று உட்கார்ந்தனவா என்று பாருங்கள். ஒன்று தூக்கி நின்றாலும் சூடு இறங்காது. போர்டில் நாணயம்போல் இருக்கும் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும்; பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வரும். சில பத்து ரூபாய் செல்லுக்காக முழு கம்ப்யூட்டரையும் ஓரங்கட்டியவர்கள் உண்டு. போர்டில் சிறு உருளைகள்போல் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மட்டும் மேற்கொண்டு காசு போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நீங்களே பிரிக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இந்தப் பழைய பெட்டிகள் விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. படமும் பாட்டும் மட்டும்தான் வேண்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லிப்ரேஎலெக் என்ற சிறிய லினக்ஸ் இயங்குதளத்தைப் போடலாம். ஆன் செய்தால் நேராக 'கோடி' (Kodi) என்ற மீடியா பிளேயரின் திரைக்குப் போய் நிற்கும், பென் டிரைவிலிருந்தே ஓடும். ஆனால் கட்டண ஓடிடி தளங்கள் லினக்ஸில் தரத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும்; அதற்கு டிவியின் ஆப்பையே பயன்படுத்துங்கள்.

இனி 4கே. கார்டுதான் வேண்டும் என்றால் குறைந்தது ஜிடி 1030. எச்.265 10 பிட், எச்டிஎம்ஐ 2.0 இரண்டும் அதில் உண்டு, 30 வாட்தான் இழுக்கும். ஏவி1 மட்டும் கிடையாது. ஆனால் உங்கள் டிவி 4கே ஸ்மார்ட் டிவி என்றால் எந்தக் கார்டும் வேண்டாம் என்பேன். எச்.265-ஐ விரிக்கும் சில்லு அந்த டிவிக்குள்ளேயே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் என்ற இலவச சர்வரைப் போட்டு, வீட்டு ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு டிவியிலும் எல்ஜி டிவியிலும் அதற்கான ஆப் உண்டு. கம்ப்யூட்டர் ஃபைலை எடுத்துக் கொடுக்கும். விரிக்கும் வேலையை டிவி பார்த்துக்கொள்ளும். டிவி வைஃபையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். சில டிவிகளில் டிடிஎஸ் என்ற முறையில் பதிந்த ஒலி வராது. அப்போது ஜெல்லிஃபின் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றி அனுப்பும். அந்த வேலை பழைய ஐ3-க்கு ஒரு பொருட்டே இல்லை.