அணைக்கட்டால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் மீண்டெழுந்ததை எப்படி அளப்பது?

இலங்கையில் 1985இல் நிறைவடைந்த கொத்மலை அணைக்கட்டினால் ஏறத்தாழ 3,000 குடும்பங்களும், அதே ஆண்டில் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டினால் ஏறத்தாழ 30,000 மக்களும் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. இவர்களுக்கு என்ன வழங்கப்பட்டது என்பது கோப்புகளில் இருக்கும். ஆனால் அடுத்த நெருக்கடி வரும்போது இக்குடும்பங்கள் தாக்குப்பிடித்துப் பழைய நிலைக்குத் திரும்புமா என்ற கேள்விக்கு நட்டஈட்டுப் பட்டியல் விடை சொல்லாது. அந்த விடையைத் தேடுவதே வாழ்வாதார மீண்டெழும் திறனை அளக்கும் முறையின் வேலை.

இத்திறனை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆகவே அதனோடு தொடர்புடைய அறிகுறிகளை அளந்து, அவற்றிலிருந்து மறைந்திருக்கும் திறனை ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு உருவாக்கிய முறை நான்கு தூண்களைப் பார்க்கிறது: பாடசாலை, வைத்தியசாலை, சந்தை போன்ற சேவைகள் எட்டும் தூரத்தில் உள்ளனவா, காணி, கால்நடை, கருவிகள் போன்ற சொத்துகள் எவை, இக்கட்டில் கைகொடுக்க உறவினரோ அரச உதவியோ உண்டா, கல்வியும் பல்வகை வருமானமும் தரும் மாறிக்கொள்ளும் திறன் எவ்வளவு.

ஏக்கர், ரூபாய், கிலோமீற்றர் ஆகிய வெவ்வேறு அலகுகளை அப்படியே கூட்ட முடியாது என்பதால், பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்கும் எளிய குறியீடுகளில் ஒவ்வோர் அளவையும் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாக மாற்றுவார்கள். ஓர் ஊரில் குறைந்தது 1 வருமான வழியும் கூடியது 5 வழிகளும் உள்ள குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். 3 வழிகள் உள்ள குடும்பத்துக்கு, 3இலிருந்து 1ஐக் கழித்து வரும் 2ஐ, மொத்த இடைவெளியான 4ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். பிறகு ஒவ்வோர் எண்ணையும் அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் ஒரு நிறையால் பெருக்கிக் கூட்டுவார்கள். நிறைகளைச் சமமாக வைக்கலாம், அல்லது அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வைக் கொண்டு தரவிலிருந்தே பெறலாம்.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பெரும் பிழை நுழையக்கூடிய இடம் இந்த நிறைதான். காணிக்கு அதிக நிறை கொடுத்தால், தலைமுறைகளாகத் தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடாகிய லயத்தில் வாழ்ந்தும் தம் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலம்கூட இல்லாத குடும்பம் அணைக்கு முன்னும் பின்னும் அந்த வரியில் பூச்சியமே பெறும். பூச்சியத்திலிருந்து பூச்சியத்துக்கு நகர்ந்தவர் எதையும் இழக்கவில்லை என்று கணக்கு சொல்லிவிடும். உண்மையில் அக்குடும்பம் இழக்கக்கூடியவை வேறு வகையானவை: மாதத்தில் கிடைத்த பேர்களின், அதாவது சம்பளத்துக்குப் பதிவாகும் வேலைநாள்களின், எண்ணிக்கை, ஊழியர் சேமலாப நிதிக்கு வழிவிடும் தோட்டப் பதிவு, லயத்துக்கு அருகிலிருந்த மரக்கறிப் பாத்தி, பக்கத்து வீட்டாரோடு பிடித்த சீட்டு. இவற்றைக் கேள்விக்கொத்தில் சேர்க்காத ஆய்வை மலையகத்துக்கு உரியதாக நான் ஏற்கமாட்டேன். கொத்மலையில் இடம்பெயர்ந்தோருக்குத் தேயிலைக் காணிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், அக்காணிகளில் கொழுந்து பறித்தவர்களின் வேலைநாள்களும் அதே கணக்குக்குள் வந்தாக வேண்டும்.

குறியீடு சரியாக அமைந்தாலும் அது ஒரு முன்கணிப்பு மட்டுமே. நெருக்கடி வரும்போதுதான் அதைச் சோதிக்க முடியும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் 2022இல் பொருளாதாரம் சரிந்ததும் இடம்பெயர்ந்தோரையும் பெயராதோரையும் ஒருசேரத் தாக்கின. அத்தகைய காலத்தில், கடந்த 7 நாள்களில் குடும்பம் உணவுக்கு என்ன செய்தது என்று கேட்கும் அளவுகோல் ஒன்று உண்டு. மலிவான உணவுக்கு மாறுவது, அளவைக் குறைப்பது, வேளையைக் குறைப்பது ஆகியவற்றுக்குத் தலா 1 புள்ளியும், உணவைக் கடன் வாங்குவதற்கு 2 புள்ளியும், பிள்ளைகள் உண்பதற்காகப் பெரியவர்கள் தம் பங்கைக் குறைப்பதற்கு 3 புள்ளியும் கொடுத்து, ஒவ்வொன்றையும் அது நடந்த நாள்களால் பெருக்கிக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை கூடினால் நெருக்கடி கடுமையானது என்று பொருள். எந்தக் குடும்பத்தின் கூட்டுத்தொகை எத்தனை மாதங்களில் இறங்குகிறது என்பதே மீண்டெழுதலுக்கான நேரடிச் சான்று. ஆனால் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியும் அதை இறக்கிய குடும்பம் மீண்டதாகாது. நாளைய திறனை விற்று இன்றைய பசியை அடக்கியிருக்கிறது. ஆகவே இவற்றையும் தனியே பதிவு செய்ய வேண்டும்.

அளக்கும் காலமும் முக்கியம். நட்டஈடு கைக்கு வந்த முதல் ஆண்டில் எடுக்கும் கணக்கில் எல்லாக் குடும்பங்களும் வசதியாகவே தெரியும். கொத்மலையிலிருந்து வறண்ட வலயத்தின் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றவர்களுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக் காணியும் கிடைத்தன. அந்த வயல் ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்தாலும், பிள்ளைகள் மணமாகிப் பிரியும்போது அவர்களுக்குப் போதுமா என்பது 20 ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியும். ஆகவே அணைக்கு முன் ஒரு தடவையும் பின்னர் பல தடவையும் அதே குடும்பங்களிடம் திரும்பச் சென்று, அருகே இடம்பெயராத ஊர்க் குடும்பங்களோடு ஒப்பிட வேண்டும். திரும்பச் செல்லும்போது புதிய குடியிருப்பில் எஞ்சியிருப்பவர்களை மட்டும் கேட்டால், தாக்குப்பிடிக்க முடியாமல் கொழும்புக்குக் கடை வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போனவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள், சராசரியும் பொய்யாக உயரும். அவர்களையும் தேடிச் சென்று கேட்பது ஆய்வின் செலவை மிகவும் கூட்டும். ஆயினும் அச்செலவை முதல் நாளிலேயே திட்டத்தின் பாதீட்டில் எழுதிவைக்க வேண்டும்.